சபை உரையாளரைப் படியெடுத்த கிழமை

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. சோற்றிலும் மணல், கட்டிலிலும் மணல். பள்ளிக்கூடத்தால் வந்து இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் கூட்ட மனமில்லை.

பின்னேரம் பங்கு மண்டபத்தில் கூட்டம். புதுப் பங்குச் சுவாமிக்கு ஒரு யோசனை. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போவதற்குள், விவிலியத்தின் ஞான நூல்களை எல்லாம் பங்குச் சனம் கையால் எழுதி முடிக்க வேண்டுமாம். பிறகு கட்டிப் பீடத்தில் வைப்பார்கள். யோபுவைக் குடும்பங்களுக்குப் பிரித்தாயிற்று. நீதிமொழிகள் இளைஞருக்கு. சபை உரையாளர் பன்னிரண்டு அதிகாரமும் எனக்கே. கிளாறா ரீச்சரின் எழுத்து அச்சு மாதிரி என்று சுவாமி எல்லார் முன்னாலும் சொன்னார். உச்சி குளிர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதற்கெல்லாம் குளிர்கிறது.

நிபந்தனைகள் (மறக்காமலிருக்க):
கறுப்பு மை மட்டும்.
வெட்டுக்குத்து கூடாது. பிழைத்தால் தாளை முழுதாகத் திரும்ப எழுத வேண்டும்.
வாய்விட்டு வாசித்து வாசித்து எழுத வேண்டும். வாய் சொல்லாததைக் கை எழுதக் கூடாது.
யாரோடாவது கதை இல்லாமல் இருப்பவர் எழுதக் கூடாது. முதலில் சமாதானம், பிறகு பேனை.

கடைசி நிபந்தனைக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். பின்வரிசை வாங்கில் ஒருத்தி இருமினாள். தடிமன் இருமல் இல்லை அது.

ஊருக்குப் பெயரே பேசாலை. இங்கே பேசாமல் இருப்பது ஒரு குற்றமா?

யூலை 9, புதன்

வேலை இரண்டரை மணிக்குத் தொடக்கம். பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ஊர் படுத்துக் கிடக்கிற நேரம். மேசையைச் சுவரோடு போட்டேன். மற்ற இடமெல்லாம் தாள் பறக்கிறது.

முதலாம் அதிகாரம் முடிந்தது. இந்த உரையாளரோடு எனக்கு ஒத்துப்போகிறது. பூச்சுப் பூசாமல் சொல்கிற ஆள். எதைக் கூட்டினாலும் விடை பூச்சியம், மனிசர் படுகிற பாடு முழுக்கக் காற்றைக் கையில் பிடிக்கிற வேலை என்கிறார். இந்தத் தீவில் இருந்து எழுதினவரோ என்னவோ. கணித ரீச்சர் வேலைக்கு நல்ல ஆள்.

மேசை போட்ட சுவரைப் பற்றி எழுதாமல் விடுவது நேர்மையில்லை. அம்மா செத்த பிறகு வீட்டை இரண்டாக்கின சுவர். அந்தப் பக்கம் தங்கச்சி ரோசலின். எட்டு வருசமாகக் கதை இல்லை. கல் போதாமல் சுவர் குறுக்கு வளை மரத்தோடு நின்றுவிட்டது. மேலே கூரை ஒன்றுதான், அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். பல்லிக்கு மட்டும் இரண்டு வீடும் சொந்தம்.

இப்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை. போன கிழமை வெள்ளாங்குளத்துக்கு, மகள் ஜெனி வீட்டுக்குப் போய்விட்டாள். முன் கேற்றில் பூட்டு.

யூலை 10, வியாழன்

இரண்டாம் அதிகாரம். 2.40. நேரத்தைக் குறித்து வைக்கிறேன்.

அறிவாளியும் மடையனும் ஒரே மாதிரித்தான் சாகிறார்கள் என்று வருகிற இடம். வாசித்துக்கொண்டே எழுதினேன். எனக்கு அரைச் சொல் பிந்தி இன்னொரு குரல் அதையே வாசித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தால்.

நிறுத்தினேன். அதுவும் நின்றது. காற்றாலைகளின் இரைச்சல் மட்டும். திரும்ப வாசித்தேன். திரும்ப வந்தது. நாக்குத் தடித்த குரல். லகரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

வெளியே போய்ப் பார்த்தேன். கேற்றில் பூட்டு அப்படியே. பூட்டில் மணல் ஒட்டியிருந்தது.

எதிரொலி. தகரமும் ஓடும் சேர்ந்த கூரைக்கு எதிரொலி வரத்தான் செய்யும்.

ஒரு எழுத்துப் பிழைத்தது. தாள் முழுதும் திரும்ப.

யூலை 11, வெள்ளி

எதிரொலி என்றால் சோதிக்கலாம். மூன்றாம் அதிகாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்கிற அதிகாரம். பேசாதிருக்க ஒரு காலம், பேச ஒரு காலம். முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மற்றப் பாதியை அது சொன்னது.

பிறகு கொஞ்சம் பொறுத்து, தெளிவாக, "போய்ப் பார்" என்றது. பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். அப்படி ஒரு சொல் அங்கே இல்லை.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எழுதவே பயம். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த கடைசி வருசம் நாக்கு இப்படித்தான் வழுக்கினது. அம்மா செத்ததும் அந்தப் பக்கத்து அறையில்தான். உச்சி வெயிலில்தான். எல்லாரும் படுத்துக் கிடக்கிற இதே நேரம்.

அதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவைப் பதினொரு மாதம் தனியாகப் பார்த்தவள் ரோசலின். நான் வெளியூரில் படிப்பித்துக்கொண்டு, சனி, ஞாயிறு வந்து மருந்துத் துண்டைச் சரி பார்க்கிற ஆள். அன்று மத்தியானம் அவள் பாயில் கண் அயர்ந்துவிட்டாள். எழும்பினபோது அம்மா இல்லை. செத்தவீட்டில், சனத்துக்கு நடுவில், பெட்டி தூக்குவதற்கு முன் நான் சொன்னேன்: "நீ நித்திரை கொண்டனி. அம்மா செத்துப்போனா." அவ்வளவுதான். இரண்டு வசனம். இரண்டிலும் பிழையில்லை என்று எட்டு வருசமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்தவரை நல்லவர்கள். எட்டாம் நாள் சரியான நியாயங்களைச் சொல்லத் தொடங்கித்தான் கெட்டார்கள்.

யூலை 12, சனி

காலையில் சுவாமியிடம் போனேன். சுவரைச் சொல்லவில்லை, கையெழுத்தையும் சொல்லவில்லை. காற்று என்ற சொல்லைப் பற்றிச் சும்மா கேட்டேன். அந்த நூலின் மூல மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தானாம். எங்கள் சனத்துக்கு இது புதினமா? காத்துப் பட்டிட்டுது என்றால் பேய்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

வரும்போது ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்தேன்.

நான்காம் அதிகாரம். ஒருவரைவிட இருவர் நல்லது, ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கிவிடுவார், தனியாய் விழுகிறவரின் பாடு பாவம் என்கிற இடம். எழுத்து நன்றாக அமைந்தது. ஒரு வரி கூட வளையவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் தொம் என்று ஒரு சத்தம். பிறகு எதையோ நிலத்தில் இழுக்கிற சத்தம். பிறகு குரல். இன்றைக்குச் சொற்கள் பிரியவில்லை. வெறும் முனகல்.

கதிரையில் ஏறி, வளைக்கு மேலால் தீர்த்தம் முழுவதையும் அந்தப் பக்கம் ஊற்றினேன். மூன்று அருள்நிறை மரியே செபம் சொன்னேன். நின்றுவிட்டது.

பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன். சீனி போட மறந்துபோனேன்.

யூலை 13, ஞாயிறு

ஆறரைப் பூசை. ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஐந்தாம் அதிகாரம். கோவிலுக்குப் போகும்போது காலைக் கவனி, வாயை அவசரப்படுத்தாதே, கடவுளுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் விடுவதைவிட வாக்கே கொடுக்காமல் இருப்பது மேல். செவ்வாய்க்கிழமை வைத்த கையெழுத்து ஞாபகம் வந்தது. பேனையை வைத்துவிட்டேன். இந்தப் புத்தகத்தை நான் பள்ளிக்கூடத்துக் கொப்பி மாதிரி வாசித்திருக்கிறேன், சரி, சரி, இது சரி என்று புள்ளி போட்டுக்கொண்டு. அதுவும் என்னை வாசிக்கும் என்று நினைக்கவில்லை.

அப்போதுதான் அது கூப்பிட்டது. "அக்கா."

ஒரு தரம். பிறகு இன்னொரு தரம், இன்னும் மெல்ல.

அம்மாவும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவா. ரோசலின் பிறந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். அப்பாவும் அப்படித்தான். கிளாறா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

காதைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வெயில் கண்ணைக் குத்தியது. பொழுது சாயும்வரை உள்ளே போகவில்லை.

யூலை 14, திங்கள்

பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமன்பாடு. கரும்பலகையில் விடையைப் பிழையாக எழுதிவிட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

2.30. ஐந்தின் மிச்சத்தையும் ஆறாம் அதிகாரத்தையும் எழுதி முடித்தேன். சத்தம் இல்லை. பெரிய நிம்மதி. தீர்த்தம் வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும், நான் இப்படித்தான் நினைத்தேன்.

3.10. பேக்கரிப் பாண் விற்கிற முஸ்லிம் நானாவின் ஓட்டோ. ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன். பாணைத் தந்துகொண்டே கேட்டார்:

"ரீச்சர், தங்கச்சிக்கு இப்ப எப்பிடி? பஸ்ஸால இறங்கேக்க கண்டனான். வாய் ஒரு பக்கம் இழுத்த மாதிரிக் கிடந்திச்சு. கேட்டதுக்குப் பல்லுக்குத்து எண்டவ."

பாண் கையிலிருந்து விழுந்ததாம். எனக்குத் தெரியாது, நானா பிறகு சொன்னார்.

முன் கேற்றைப் பார்த்தே நான் கெட்டேன். சண்டைக்குப் பிறகு அவள் என் முற்றத்தைத் தாண்டாமல், கடற்கரைப் பக்கப் பின்வாசல் படலையால்தான் போய்வருகிறவள். எட்டு வருசமாக எனக்குத் தெரிந்த விசயம். படலை சும்மா சாத்தியிருந்தது. அடுப்படிக் கதவும் அப்படித்தான்.

அம்மாவின் அறை. சுவரோடு நிலத்தில் ரோசலின் கிடந்தாள். வலக்கை உடம்புக்குக் கீழே மடங்கியிருந்தது. பக்கத்தில் பயணப் பை, தண்ணீர்ப் போத்தல், அதில் ஒரு மிடறு மிச்சம். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டது. தலைமயிரிலும் சட்டையிலும் நீர் காய்ந்த அடையாளம் இருந்ததா, அல்லது நான் அதைத் தேடினேனா, தெரியவில்லை.

என் மேசை அந்தப் பக்கம். நடுவில் ஒரு கல் தடிப்பு.

நானா அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். மன்னார் ஆஸ்பத்திரி. இளம் டொக்டர், கையில் தாள்.

"பேச்சு எப்ப இருந்து இழுக்குது அம்மா? நாள், நேரம் சரியாத் தெரிஞ்சால் சொல்லுங்கோ."

"வியாழக்கிழமை. ரெண்டு நாப்பது."

"அவ்வளவு சரியா எப்பிடித் தெரியும்?"

"பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான்."

"அஞ்சு நாளாவோ?"

ஓம் என்றேன். அவர் அதையும் எழுதினார். என்னைப் பேசியிருக்கலாம். நானென்றால் பேசியிருப்பேன், நாலு சனத்துக்கு முன்னால், நல்ல சுத்தத் தமிழில்.

யூலை 15, செவ்வாய்

லீவு. ஆஸ்பத்திரி வாட்டில் கதிரை இல்லை, கட்டில் காலோடு நின்றேன். ரோசலின் நித்திரை. மூக்கில் குழாய். நித்திரையில் அவள் முகம் அம்மாவின் முகம்.

சொல்ல வேண்டியதை அவள் நித்திரையிலேயே சொல்லிப் பழகினேன். நீ பதினொரு மாதம் நித்திரை கொள்ளவில்லை, ஒரு மத்தியானம் கொண்டாய், அது குற்றமில்லை. மூன்று தரம் சொன்னேன். பக்கத்துக் கட்டில் மனிசி அழுதாள், ஏன் என்று தெரியாமலே.

சுவாமி வந்தார். கையெழுத்துப் பொய் என்பதையும் சனிக்கிழமை நடந்ததையும் சொன்னேன். எழுதின ஆறு அதிகாரத்தையும் கிழித்துப் போடுங்கள் என்றேன். கிழிக்க வேண்டாம், நாலாம் அதிகாரத்தை மட்டும் திரும்ப எழுதுங்கோ, எழுத்து வடிவாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

யூலை 16, புதன்

ஜெனி வெள்ளாங்குளத்திலிருந்து வந்தாள், கைக்குழந்தையோடு. தாய் போன் எடுக்கவில்லை, சார்ஜ் இல்லையாக்கும் என்று இருந்துவிட்டாளாம். உங்களுக்குப் போன் எடுக்கப் பயம், அம்மா கோவிப்பா என்றாள். குற்றம் யாருடையது என்று அவளுக்குச் சொன்னேன். வியாழன் தொடங்கி ஒவ்வொரு நாளாக, எனக்குக் கேட்டதையும் நான் செய்ததையும், தீர்த்தம் உட்பட.

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"வியாழனோ? இல்லைப் பெரியம்மா. அம்மா சனி விடியத்தான் எங்கட வீட்டால வெளிக்கிட்டவ. நான்தான் பஸ் ஏத்தி விட்டனான். அதுவரைக்கும் வாய் நல்லாத்தான் இருந்தது."

டொக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வியாழனை வெட்டிவிட்டுச் சனி என்று எழுதினார். ஆட்களுக்குப் பதற்றத்தில் நாள் மாறிப்போகும், பரவாயில்லை என்றாராம்.

இந்தக் கொப்பியில் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். யூலை 10, 2.40. என் எழுத்துத்தான். வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் பார்த்தேன். போய்ப் பார். அன்று அந்தப் பக்கம் விழுந்து கிடக்க ஒருத்தரும் இல்லை. அவள் இன்னும் விழவில்லை.

யூலை 18, வெள்ளி

குழாய் எடுத்தாயிற்று. கஞ்சி நாலு கரண்டி. வலக்கை அசைவில்லை. ஜெனி குழந்தையைக் குளிப்பாட்டப் போன நேரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெளியே காற்று யன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

பழகி வைத்ததைச் சொன்னேன். இந்த முறை கண் திறந்திருந்தபோது. பாதிதான் சொன்னேன், மற்றப் பாதி வரவில்லை. அவள் இடக்கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

பிறகு கேட்டேன், சனியும் ஞாயிறும் நான் வாசித்தது அவளுக்குக் கேட்டதா என்று.

வாய் கோணிக் கோணி, ஒவ்வொரு சொல்லாக வந்தது. எட்டு வருசத்தில் என்னோடு கதைத்த முதல் கதை.

"ஓம். அம்மாவும் கேட்டவ. எனக்குப் பக்கத்தில இருந்து."