எலோவாவோட தொப்புள்

ஜுராந்திர்,

பீன்ஸ் குக்கர்லயே இருக்கு, சோறு மட்டும் வடிச்சுக்கோ. மேல் வீட்டு சுலெய்டி சாவி வாங்க வருவா, ஆணியில மாட்டியிருக்கேன்.

கொடியில என் பச்சை பிக்கினியைக் காணோமேன்னு தேடாதே. உன்னை விட்டுட்டுக் கடலுக்கு ஒண்ணும் போகல. வயித்து ஆபரேஷன் பண்ற டாக்டர்தான் கொண்டுவரச் சொன்னாரு. அந்தத் துணிக்குள்ள தழும்பு மறையுற மாதிரி கோடு போட்டுக்குவாராம்.

"சின்ன ஆபரேஷனே போதும், தொப்புள்ல கை வைக்காதே"ன்னு நேத்து கத்தினியே. அது தொப்புளுக்குக் கீழே தொங்குற தோலுக்கு மட்டும்தான். எனக்கு நம்ம ரெட்டைங்க வயித்துத் தசையையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்குங்க. அதைத் தச்சுச் சேர்க்கணும்னா பெரிய ஆபரேஷன்தான். கொஞ்ச நாள் கூனிக்கிட்டுத்தான் நடப்பேன், பிள்ளைங்களை நீதான் தூக்கணும். என் நடையைப் பார்த்துச் சிரிச்சே, தொலைஞ்சே!

கடைக்குட்டி எலோவா என் தொப்புள்ல விரலை விட்டாத்தான் தூங்குவா. அவளுக்காகத்தானே அவ்வளவு கத்தினே? எனக்குத் தெரியும்டா.

இவோனெட்

பி.கு.: டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். தொப்புள் அதேதானாம், தோல்ல அதுக்கு வெட்டுற வாசல்தான் புதுசாம்.

இன்னொண்ணு: எலோவாவைப் படுக்கையில தேடாதே. விரல் அளவு கொடுக்க அவளையும் கூட்டிட்டுப் போறேன்.