யாஸ் சார், கிழக்கு முகடு

ஜூன் 9

பட்டாணி வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனேன். வாய்க்கால் மேட்டில் இனாயத், நாலைந்து பேரோடு.

"என்ன தங்கச்சி, மிஹ்மான் இப்பவாவது கூரை மேல ஏறுறானா? இல்ல, ஏணியப் பார்த்ததும் உட்கார்ந்துடுறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் தாங்கவில்லை. மண்வெட்டி கையில் இருந்தது. ஏன் சிரிச்சேன்?

ஜூன் 10

ஐந்து வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருப்பதை ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன்.

அதுவரை யாரும் ஏறாத யாஸ் சார் சிகரத்துக்கு இனாயத்தும் என் வீட்டுக்காரர் மிஹ்மானும் ஒரே கயிற்றில் போனார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே கல் விழுந்து இவர் தோள் இறங்கிவிட்டது. "இங்கேயே உட்காரு, கீழே போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்று இனாயத் சொன்னான். சொல்லிவிட்டு மேலே போனான். உச்சியில் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள்தான் வந்தான். அந்த ஒரு இரவுக் குளிரில் மிஹ்மானுக்கு இரண்டு கையிலுமாக ஆறு விரல் போயிற்று.

ஊரில் அவன் சொன்ன கதை: கல்லும் விழவில்லை, மண்ணும் விழவில்லை. பயந்து உட்கார்ந்துவிட்டான்.

இவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "என் தோளுக்குத் தெரியும், போதும்" என்பார். எனக்குப் போதாது.

ஜூன் 23

இனாயத் போனது மேற்குச் சரிவு வழியாக. கிழக்கு முகட்டில் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை. யாக் மாடு மேய்க்கப் போகும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் கறுப்புப் பாறை, அதற்கு மேல் கத்தி முனை மாதிரி பனி. ஏறலாம். அவன் வழியை விடக் கஷ்டமான வழி. அவன் பேர் எழுதின இடத்துக்கு மேலே என் பேர்.

நாத்தனார் துர்தானாவிடம் சொன்னேன். என்னோடு மூன்று சிகரம் ஏறியவள்.

"மலைக்குப் போறோமா அண்ணி, சண்டைக்குப் போறோமா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்போ ரொட்டி கூடுதலா எடுத்துக்கணும்" என்றாள்.

ஜூலை 17

மூட்டை கட்டியாயிற்று. பனியில் வழுக்காமலிருக்க என் பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களை மிஹ்மான் அரம் வைத்துக் கூராக்கினார். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அரத்தை இடுக்கிக்கொண்டு, மதியம் முழுக்க.

"இனாயத்தை முதுகுல தூக்கிட்டு ஏறாதே ஸிமா. கனமான ஆளு" என்றார்.

நான் பூட்ஸை வாங்கி மூட்டையோடு கட்டினேன்.

ஜூலை 20

பனியாற்றின் ஓரம் கூடாரம் போட்டோம். எங்களுக்கு முன்னால் இன்னொரு கூடாரம், ஆரஞ்சு நிறம். அவனுடையது! நாங்கள் வருவதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். முகட்டில் எறும்பு மாதிரி ஒரு புள்ளி, தனியாக. அதையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான்.

ஜூலை 22

கூடாரத்துக்குத் திரும்பிவிட்டோம். நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. கறுப்புப் பாறையைத் தாண்டி முகட்டில் ஏறியதும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வடக்குப் பக்கம், மூன்று ஆள் ஆழத்தில், ஒரு பாறை விளிம்பில் இனாயத். கல் உருண்டு அவன் கயிற்றை அறுத்திருக்கிறது. கையுறை காற்றோடு போய்விட்டது. இரவு முழுக்க அங்கேயே இருந்திருக்கிறான்.

"தங்கச்சி! ஆண்டவன் உன்னை அனுப்பியிருக்கான். கயிறு போடு!"

துர்தானா கயிற்றை எடுத்தாள். நான் அதை வாங்கி, பையோடு என் காலடியில் பனியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"கல் விழுந்துச்சா, இல்லியா?"

"எந்தக் கல்லு?"

"அஞ்சு வருஷம் முன்னாடி."

"பைத்தியமா நீ? கயிறப் போடுடி!"

உட்கார்ந்திருந்தேன். காற்று அடித்தது. அவன் திட்டினான், கெஞ்சினான், பெண்டாட்டி பிள்ளை பேரைச் சொன்னான். துர்தானா அழுதாள். "அண்ணி, கையப் பாருங்க, மெழுகு மாதிரி ஆயிடுச்சு." பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மிஹ்மானின் கை கண்ணில் வந்தது. நன்றாக இருந்தது. பொய் எழுதி என்ன? நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் சொன்னான்.

"விழுந்துச்சு. அவன் தோள்ல விழுந்துச்சு. ஆள் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு நான் மேல போனேன்."

"கேக்கலே."

"மேல போனேன்! போதுமா!"

"ஊர்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

கயிறு போட்டோம். ஒன்பதரை.

உச்சி ஒரு மணி நேர தூரத்தில் வெறுமனே நின்றது. அவனைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம்.

ஜூலை 26

சொன்னான். கில்கித் ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏறும் முன்னால், தொழுகை முடிந்து வந்த எல்லோர் முன்னாலும். கையில் துணி சுற்றியிருந்தது. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

சாயங்காலம் வரை வீட்டில் ஆள். வாய்க்கால் மேட்டில் சிரித்தவர்கள் வெண்ணெயும் ரொட்டியுமாக வந்தார்கள். உப்புத் தேநீர் ஊற்றி ஊற்றிக் கை வலித்தது. வலிக்கட்டும்.

"எப்படி ஒத்துக்கிட்டான்?" என்று மிஹ்மான் கேட்டார்.

"மனசு மாறியிருக்கும்."

ஆகஸ்ட் 19

இனாயத்துக்கு ஏழு விரல் எடுத்துவிட்டார்களாம். கொஞ்சம் முன்னால் இறக்கியிருந்தால் இரண்டு மூன்று தப்பியிருக்கலாம் என்றாராம் டாக்டர். வாசலில் நின்றபடியே துர்தானா சொன்னாள், உள்ளே வரவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது அண்ணி?"

"பத்து நிமிஷம்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

செப்டம்பர் 12

இனாயத் ஊர் திரும்பிவிட்டான். நான் உட்கார்ந்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

அக்டோபர் 6

மிஹ்மான் தினமும் அவன் வீட்டுக்குப் போகிறார். எதற்கென்று கேட்டால் "சும்மா." இன்று கூப்பிடப் போனேன். கதவு திறந்திருந்தது. இனாயத்தின் கோட்டில் பொத்தான் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பிக் கொக்கி ஒன்று செய்து வைத்திருக்கிறார்.

"கொக்கிய உள்ள விடுடா, கழுதை. இழு. பல்லால இல்ல, கையால இழு!"

"எனக்கு மூணுதான் இருக்கு. உனக்கு நாலு. பேசமாட்டே நீ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் இனாயத் சிரிப்பை நிறுத்தினான்.

வரும் வழியில் மிஹ்மான் நின்றார்.

"ஒன்றரை மணி நேரமாம்."

"அவன் சொன்னானா?"

"துர்தானா சொன்னா. நான் அந்த மாதிரி உட்கார்ந்தவன் ஸிமா. அங்க ஒன்றரை மணி எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாது."

"உங்களுக்காகத்தானே..."

"நான் கேட்டேனா?"

கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "காலையில அவன் சம்சாரம் ஆடு மேய்க்கப் போயிடுறா. நாளைக்குப் பொத்தான் போட்டுவிட நீ போ."

மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 7

போனேன். கோட்டில் ஆறு பொத்தான். ஐந்து போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானைப் போடவில்லை. அவனும் கேட்கவில்லை.