கோணல் மெழுகுதிரி

சேசு மரி சூசை

ரத்தோட்டை,
1996 ஜூலை.

அன்பு மகள் அஞ்சலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தேவமாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம், உன் அப்பாவும் சுகம், இப்போதுகூட அடுப்படியில் இருமிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார், அதை முதலில் வாசித்துவிட்டு மூச்சு விடு. அப்பாவை ஆமிக்காரர் பிடித்த கதை சைப்ரஸ் வரைக்கும் எப்படி வந்ததோ தெரியாது, வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், வர வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை அப்பா கேட்டு அள்ளிவருவதும், அதை உருக்கித் தகரக் குழாயில் ஊற்றி நம் தோட்டக் கோயிலுக்குப் புதுத் திரி செய்வதும் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. கோயில் பெட்டியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிடுவார், கண்டியிலிருந்து வருகிறது என்றுதான் உபதேசியார் இன்றைக்கும் நினைக்கிறார். இந்த முறை திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே குழாய், சுருட்டிய நூல், கட்டி கட்டியாக மெழுகு. தமிழன் பையில் அதைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? குண்டுச் சாமான் என்று பஸ்ஸிலிருந்து இறக்கி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த நம் கலந்தர் நானா அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து சொன்னார், விடிந்ததும் தன் லொறியிலேயே என்னையும் கூட்டிப்போனார். அந்த மனிதரை நீ மறக்கக் கூடாது.

அப்பாவுக்குப் பயத்தில் தெரிந்த சிங்களமும் மறந்துபோயிருந்தது. நான்தான் அங்கிருந்த ஆமிப் பெரியவரிடம் அழுதழுது சொன்னேன், அடுப்பும் சட்டியும் கொடுங்கள், இவரே செய்து காட்டுவார் என்று. முகாம் குசினியில் செய்யச் சொன்னார்கள், துவக்கை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். மெழுகு இறுகும்வரை நான் அந்தோனியாரைக் கூப்பிடுவதை விடவேயில்லை. அவசரத்தில் குழாயிலிருந்து உருவியதில் திரி கோணலாகத்தான் வந்தது, ஆனால் பெரியவர் பற்றவைத்ததும் நின்று எரிந்தது. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரோ பேசாமல் வராமல், "சேர், அந்தப் பையத் தந்தீங்கன்னா..." என்று நிற்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார், மெழுகுதிரி அனுப்பும் கண்டிக்காரருக்காக ஜெபிப்போம் என்றார். எழும்பிச் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது, அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து என்னை முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன். வெளியே வந்து கேட்டால், "தெரிஞ்சா கமிட்டி வச்சிருவாங்க சவரி, பொறகு நான் திரி ஊத்த கூட்டம் போட்டுக் கேக்கணும்" என்கிறார். என்ன செய்ய, நானும் ஜெபித்தேன், யாருக்காக என்று ஆண்டவருக்குத் தெரியும்.

இதை வாசித்துத் திட்டாதே, போன செவ்வாய் மறுபடியும் வஹகோட்டைக்குக் கிளம்பிவிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். திரும்பி வரும்போது அதே சாவடி, நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். பையைத் திறந்த பையன் உள்ளே பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தான், இட்டிபந்தம் மாமா வந்திருக்கிறார் என்று. சிங்களத்தில் மெழுகுதிரி மாமா. உள்ளே ஓடிப்போய் ஒரு பேப்பர் பொட்டலம் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தான். கரண்ட் போகும்போது முகாமில் எரித்த துண்டுகளாம், மாமாவுக்கென்று சேர்த்து வைத்தார்களாம். அப்பா பஸ்ஸில் வீடு வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

வேலையைப் பத்திரமாகப் பார், நேரத்துக்குச் சாப்பிடு, உபதேசியாருக்கு மட்டும் இதை எழுதிவிடாதே. கலந்தர் நானாவுக்கு இரண்டு வரி எழுது. அந்தோனியார் உன்னைக் காப்பாராக. முகாம் துண்டுகளையும் அப்பா உருக்கிவிட்டார், இந்த ஞாயிறு பீடத்தில் எரிந்தது அதுதான். அது அணையும்வரைக்கும் நான் முழந்தாளிலேயே இருந்தேன் மகளே, அந்தப் பையன்களுக்காகவும் சேர்த்து.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சவரியம்மா இராயப்பன்