எந்தப் பக்கம்?

ஜூன் 14, ஞாயிறு

இன்றைக்கு நோபல் பார்க் வாசகர் வட்டத்தில் ஜார் காலத்து ரஷ்யாவைப் பற்றிப் பேசினேன். அங்கே உள்நாட்டுக் கடவுச்சீட்டிலேயே பிரபு, வணிகர், குடியானவர் என்று பிறப்பை எழுதிவிடுவார்கள். இருபது வருடம் நகரத்து ஆலையில் இரும்பு உருக்கியவனும் தாளில் குடியானவன்தான். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் ஜாரைக் கவிழ்த்தது என்று முடித்தேன்.

தலைமை தாங்கிய குகன் அங்கிள் நன்றியுரையில் கண் கலங்கினார். "மனுசனைப் பிறப்பிலை அளக்கிறது எவ்வளவு அநியாயம்!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லாப் பேசினீங்கள் பிள்ளை. ஊரிலை எவடம்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஓம், தெரியும். அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, குளத்தடியோ?"

அவர் கேட்டது சாதியை. கோயிலடி அவருடைய ஆட்களின் பக்கம், குளத்தடி எங்களுடையது. கண் கலங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை! நான் அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துப் பதினொரு வருடம்.

"இதையும் பாஸ்போட்டிலை எழுத வேணுமோ அங்கிள்?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வசனம் காரில் வரும்போதுதான் வாயில் வந்தது, சனியன்.

அங்கே யோசிக்காமலே வந்தது வேறு. "கோயிலடி, அங்கிள்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் தட்டில் இன்னொரு றோல்ஸ் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.