அம்மா பேர் கேட்டால்

துஷாந்தினி அப்பாவுக்கு, புஸ்பவள்ளி குவைத்திலிருந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா? போனில் பேசினால் அழுகை முந்துகிறது. இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஜெயலெட்சுமி லீவில் நம்ம ஊர் ஹாலிஎலைக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன வாரம் நான் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட மேடமும் நானும் போனோம். அது என் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீயே இருந்து கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் அம்மா பேர் கேட்டார்.

ஜனவரியில் நம்ம பிள்ளையும் முன்பள்ளி போகும். அங்கேயும் கேட்பார்கள். நான் இங்கே வரும்போது, பிள்ளை ஏங்கக் கூடாதென்று, அதை வளர்க்க வந்த எங்கள் அக்காவை அம்மா என்று கூப்பிடப் பழக்கியது நான்தான். அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு மாசம். முப்பதாம் நாள் அக்கா படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, "எங்கம்மா செத்துப் போச்சு" என்று பிள்ளை சொன்னதாகச் சொன்னீர்கள். அக்காவுக்கு அழுவதா, இதற்கு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரட்டைப் பின்னல் போடப் பழகுங்கள். சோத்துப் பெட்டியைப் பிள்ளையே திறக்கணும், மூடி இறுக்கமென்றால் வேறு வாங்குங்கள். சப்பாத்து அனுப்புகிறேன். கால் அளவு தெரியாது, பெரிதாக இருந்தால் பஞ்சு வையுங்கள்.

பேர் கேட்டால் அக்கா பேரையே சொல்லட்டும், திருத்த வேண்டாம். செத்துப் போச்சு என்று மட்டும் சொல்ல வேண்டாம். அம்மா இருக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

ஜெயலெட்சுமிக்கு வண்டி வந்துவிட்டது.

புஸ்பவள்ளி