முன்வாசல் வழியாக

உங்கள் முகத்தை அவர்கள் ஒரு நாளும் பார்க்கவில்லை, அம்மா. உங்கள் முதுகை மட்டும்தான் பார்த்தார்கள். உங்களைக் கொண்டு ஒரு புல்தரையை வளர்த்துவிட்டு, அதில் அவர்களுடைய பந்து உருளும் நேரத்தில் நீங்கள் ஓரத்துக்குப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். விளையாடுகிறவர்களின் கவனம் கலையக் கூடாதாம்.

முள்ளியவளைக் கடையில் பருப்பு வாங்கினேன். சரை சுற்றித் தந்த தாள் கொழும்பிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஒரு பத்திரிகையின் விடுமுறைப் பக்கம். பருப்பை டின்னில் கொட்டிவிட்டுத் தாளை நீவிப் பார்த்தேன். உங்கள் புல்தரையின் படம் அதில் இருந்தது. மலை, கொடி, தொப்பி போட்ட ஒருவர். புகழ்பெற்ற இந்தக் கோல்ஃப் திடலில் விடுமுறையின்போது ஒரு தடவை விளையாடுவது கொடுக்கும் காசுக்குப் பெறுமதியா என்று ஒருவர் முக்கால் பக்கம் யோசித்திருந்தார். தேநீர் நன்றாம். காற்று நன்றாம். புல் 'இயற்கையின் கொடை'யாம். அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. களை பிடுங்கிப் பிடுங்கி உங்கள் பெருவிரல் நகம் வளைந்தே வளர்ந்தது எந்த இயற்கையின் கொடை?

காசுக்குப் பெறுமதியா என்ற அந்தக் கேள்வியை ஒருவர் உங்களிடம் நேரே கேட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. சண்டை நின்று பாதை திறந்திருந்த மாதங்கள். கிளிநொச்சியில் நாம் கூலிக்கு நின்ற வயலின் சொந்தக்காரியை நினைவிருக்கும். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாம் கலவரத்தில் தேயிலை மலையிலிருந்து ஓடிவந்து அவர்களுடைய வரம்பில் குடிசை போட்டவர்கள். அவருடைய மகன் லண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். திரும்பிப் போக ஒரு கிழமை இருந்தது. உறவினர்கள் முல்லைத்தீவுக் கடலுக்குப் போவோம் என்றார்கள். அவருக்கோ மலைநாட்டில் அந்தத் திடலில் ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும். ஆனால் கட்டணத்தை நினைத்தால் கை பின்வாங்கியது.

"புல்லில நிண்டு பந்து தட்டுறதுக்கு இவ்வளவு காசோ?" என்றார் தாய்க்காரி. "இஞ்ச வயலுக்கை நிண்டு தட்டு. நான் சும்மா விடுறன்."

"அம்மா, அது உலகத்துக்கே தெரிஞ்ச இடம்."

"எனக்குத் தெரியேல்லையே."

மகன் சிரித்துக்கொண்டே உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் பின்முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, நீங்கள் அங்கதானே வேலை செய்தனீங்கள்? சொல்லுங்கோ, காசுக்குப் பெறுமதியோ?"

"தோட்டக்காட்டு ஆக்களிட்டைப் போய் என்ன கேள்வி," என்று காணிக்காரி முணுமுணுத்தது உங்களுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி," என்றீர்கள். அன்று மாலை குளத்தங்கரையில் நான் உங்களை விடாமல் நச்சரித்தேன். திடல் நல்லது என்று சொன்னால் அவர் போவார். போனால் வாடகைக்கு வான் பிடிப்பார். வழி காட்ட உங்களையும் கூட்டிப் போகலாம்.

"நல்லம் எண்டு சொல்லுங்கோ அம்மா. எங்களையும் ஏத்துவார்."

"நல்லா இருக்கிறத நல்லா இருக்குன்னு சொல்லுவேன். இல்லாதத எதுக்குச் சொல்லணும்?"

"பிறகு போக ஏலாது."

"ஏலாதாம்ல," என்று என் பேச்சைக் கேலி செய்தீர்கள். "கிளிநொச்சிக்காரி வந்துட்டா." பிறகு வாளியைக் கீழே வைத்தீர்கள். "போறதுன்னா ஒரே ஒரு வழியாத்தான் போவேன். முன்வாசல் வழியா. நான் அதுக்குள்ள போனதெல்லாம் பின்னால தகரப் படலை வழியாத்தான். உன்னையும் அப்படிக் கூட்டிக்கிட்டுப் போகவா இம்புட்டு தூரம்?"

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விளையாட்டும் வேண்டாம், வானும் வேண்டாம். நீங்கள் வளர்த்த புல்லை, விளையாட வருகிறவர்கள் நுழையும் வாசலால் நுழைந்து எனக்குக் காட்ட வேண்டும்.

மறுநாள் அவரிடம் பொய் கலக்காமல் சொன்னீர்கள். ஏப்ரல் மாதம் ஊரே அங்கேதான் நிற்கும், நெருக்கமாக இருக்கும். பகல் சாய்ந்தால் பனி இறங்கிவிடும், பந்து தெரியாது. ஓடையோரத் தரை ஈரம், சப்பாத்து நனையும். விடுதிக்காரன் வெளிநாட்டு முகத்தைக் கண்டால் இரண்டு விலை சொல்வான். கேட்டுக்கொண்டிருந்த நான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அப்ப வேண்டாம் எண்டுறியளோ அக்கா?"

"கொடி நிக்கிற தரை இருக்கே, அது நல்லது. ரொம்ப நல்லது. அந்த மாதிரி நீங்க எங்கயும் மிதிச்சிருக்க மாட்டீங்க."

"அப்ப பெறுமதி?"

"புல்லப் பத்தி நான் சொல்லுவேன் தம்பி. உங்க காசப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

அவர், அங்கே விளையாடினேன் என்று லண்டனில் நண்பர்களுக்குச் சொல்வதற்காகவாவது போகத்தான் வேண்டும் என்றார். வழி காட்ட நீங்களும் வாங்கோ என்றார். உடனே நீங்கள் நிபந்தனை வைத்தீர்கள். மட்டைப் பையைத் தூக்க மாட்டேன். வானுக்குள் காவலிருக்க மாட்டேன். மகளோடு முன்வாசலால் உங்களோடு கூட வருவேன். அவர் சிரித்தார். "ஓம், ஓம். ஆர் உங்களைத் தடுக்கிறது?" தடுப்பதற்கு ஆள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. லண்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எந்த வாசலும் தானாகவே திறந்துவிடுகிறது.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் விடுதியில் தங்கினார். நாம் தோட்டத்து லயத்தில், சொந்தக்காரருடைய வரிசை வீட்டில் தங்கினோம். காலையில் நீங்கள் என் தலையை இரண்டு தடவை பின்னினீர்கள். உங்களிடம் இருந்த ஒரே நல்ல சேலை, நாவல்பழ நிறச் சேலை, அதைக் கட்டிக்கொண்டீர்கள். வாசலில் நின்ற காவற்காரரும் நம்முடைய ஆள்தான். காக்கிச் சட்டை போட்ட நம்முடைய ஆள். அவர் லண்டன்காரருக்குச் சலாம் வைத்தார். அப்புறம் உங்களைப் பார்த்து, "ஆயா, பின்பக்கமா போ," என்றார்.

"நான் ஆயா இல்லண்ணே. இவரோட வந்த விருந்தாளி. அவரையே கேட்டுப் பாருங்க."

காவற்காரர் லண்டன்காரரைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். அவர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து இழுத்துச் சரிசெய்தார். கையுறையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் மறுத்திருக்கலாம். வேலைக்கு வந்தவர்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த இடத்தில் ஒரு நட்டமும் இல்லை. உங்களுக்கு எல்லாமே போயிருக்கும். நீங்கள் கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்திருந்த உங்கள் கை மட்டும் இறுகியது.

"ஓம்," என்றார் கடைசியில். "என்னோட வந்தவை."

அந்த வார்த்தைகளுக்காகவே அவரை நான் இன்றுவரை முழுக்க வெறுக்கவில்லை.

உள்ளே போனோம். நீங்கள் பேசிக்கொண்டே வேகமாக நடந்தீர்கள், எனக்கு மூச்சு வாங்கியது. குழியில் கொடி நட்ட முதலாவது தரை வந்ததும் செருப்பைக் கழற்றினீர்கள். "நீயும் கழட்டு. புல்லு நோகும்." கால் வைத்தேன். குளிர்ந்த மாவில் கால் வைத்ததுபோல் இருந்தது. நான் அதுவரை அறிந்த புல்லெல்லாம் மாடு தின்பது, அல்லது காலைக் கிழிப்பது.

அப்போது அவருடைய பந்து தூரத்திலிருந்து வந்து தரையில் விழுந்து உருண்டது. நான் உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் பக்கத்தில் இல்லை. ஓரத்தில், நாவல்பழச் சேலையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தீர்கள். விரல்கள் புல்லுக்குள் களை தேடிக்கொண்டிருந்தன. யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. பந்து விழுந்தது, நீங்கள் போய்விட்டீர்கள்.

கூலிக்குப் பை தூக்கும் ஒருவரோடு லண்டன்காரர் வந்தார். நீங்கள் குந்தியிருந்தது அவருக்கு வித்தியாசமாகவே படவில்லை. "அக்கா, அந்தக் கொடியை ஒருக்கா எடுத்துவிடுங்கோ," என்றார்.

நான் ஓடிவந்து உங்கள் தோளைப் பிடித்தேன். "எழும்புங்கோ அம்மா."

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். விரலிடுக்கில் ஒரு சின்னக் களை இருந்தது. பிறகு சிரித்தீர்கள், வெட்கத்தோடு. "பழகின முதுகு," என்றீர்கள். எழுந்து சேலையைத் தட்டினீர்கள். அவரை நேரே பார்த்தீர்கள்.

"கொடி எடுக்கத்தான் ஆள் புடிச்சிருக்கீங்கல்ல தம்பி. நான் பாக்க வந்தவ."

பை தூக்கி வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு போய்க் கொடியை எடுத்தார். நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு தரையின் நடுவுக்கே வந்து நின்றீர்கள். லண்டன்காரர் மெல்லத் தட்டினார். பந்து குழியைத் தாண்டிப் போனது. திரும்பத் தட்டினார். இந்தப் பக்கம் தாண்டி வந்தது.

"அவசரப்படாதீங்க தம்பி. புல்லு ஓடிப் போகாது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு, கோழியை விரட்டுவதுபோல் தூரத்திலிருந்து கையை வீசினார். நீங்களும் கையைத் தூக்கி வீசினீர்கள், தெரிந்தவருக்கு வீசுவதுபோல. அவர் திகைத்துக் கையை இறக்கிக்கொண்டார். அம்மா, அந்த நிமிடத்தில் நான் உங்கள் மகள் என்பது எனக்கு ஒரு பட்டம்போல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'மலை ஆள்' என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் அங்கே வந்து வரிசையில் நின்று உங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பந்துக்கும் நீங்கள் ஒதுங்கவில்லை. பந்து விழும்போதெல்லாம் உங்கள் முழங்கால் சற்று மடங்கியதை நான் கவனித்தேன். மடங்கும். நீங்கள் நிமிர்த்துவீர்கள். கடைசிக் கொடிவரை அப்படித்தான் நடந்தீர்கள்.

திரும்பி வரும்போது வானில் நீங்களே கேட்டீர்கள். "என்னா தம்பி, பெறுமதியா?"

"உண்மையைச் சொல்லப்போனால் அக்கா, அந்தக் காசுக்குக் குடும்பத்தோட நாலு தரம் கடலுக்குப் போய்வந்திருக்கலாம். நான் விளையாடின விளையாட்டுக்கு அது பெரிய காசு. ஆனா அந்தத் தரை… லண்டனிலயும் நான் அப்பிடிக் காணேல்லை."

"எனக்குப் பெறுமதிதான்," என்றீர்கள். "காசு உங்களோடதுங்கிறதால இன்னும் பெறுமதி."

சாரதி சிரித்த சிரிப்பில் வான் ஒருமுறை ஆடியது. வவுனியா தாண்டும்வரை நீங்கள் நித்திரை கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடி, நாமும் காணிக்காரியும் ஒரே நாளில் கிளிநொச்சியை விட்டு நடந்தோம். அவர் மாட்டுவண்டியில், நாம் அதன் பின்னால். துணுக்காயில் ஒரு மரத்தடியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியாக் குளிசைக்கு நான் அலைந்தேன். கொழும்பில் பெட்டி பெட்டியாகக் கிடந்த குளிசை, அரசின் தடை என்ற ஒரு சொல்லால் எங்களுக்கு வரவில்லை. உங்களைப் பறிகொடுத்ததை நான் விதி என்று எழுத மாட்டேன்.

உங்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பாவம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நிமிர்வது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை, முழங்கால் மடங்க மடங்க நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து இதுதான். என் முதுகும் பழகின முதுகுதான், அம்மா. கச்சான் கடலைத் தோட்டத்தில் களை பிடுங்கும்போது வரம்பில் யாராவது வந்து நின்றால் தலை தானாகக் குனிகிறது. உங்களை நினைத்துக்கொண்டு நிமிர்கிறேன். சில நாட்களில் வேலையும் போகிறது.

காணிக்காரி இப்போது இங்கே முள்ளியவளையில்தான் இருக்கிறார். குத்தகைக் காணியில் கச்சான் போட்டிருக்கிறார். வீடு என்று சொல்ல ஓர் ஓலைக் கிடுகுக் கொட்டில், ஒரே ஒரு வாசல். இருந்தும் வேலையாட்கள் முன்னால் வரக் கூடாது என்று பின்பக்கக் கிடுகைக் கத்தியால் வெட்டி ஒரு பொந்து வைத்திருக்கிறார். எல்லாம் போய்விட்டது. காணி போனது, கல்வீடு போனது. பின்வாசலை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

களை பிடுங்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நேற்றுக் காலை போனேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பின்னால வா பிள்ளை."

நான் முன்னால், வெயிலில் நின்றேன். உள்ளே அவர் கதிரையில் இருப்பது கிடுகின் இடைவெளியால் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும்.

"ஆள் வேணுமெண்டால் முன்னுக்கு வந்து, என்ரை முகத்தைப் பாத்துக் கேளுங்கோ," என்றேன்.

கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. நான் பொந்துப் பக்கம் போகாமல் அங்கேயே நிமிர்ந்து நின்றேன்.