கிராம்பு எண்ணெயும் கடைசி வரிசையும்

அன்பு மகளுக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று.

1. உன் தக்காளிச் செடிகளுக்குச் சாம்பல் பூஞ்சை வந்துவிட்டது.
2. கிராம்பு எண்ணெய் அதை நிறுத்தும்.
3. இதற்காக நீ கிளம்பி வர வேண்டாம்.

முதலாவதில் சந்தேகமில்லை. காம்பெல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. காய்கள் தொட்டாலே குழைகின்றன.

இரண்டாவதற்கு நீ சிரிப்பாய். "உங்க ஆராய்ச்சிக்கு என் தோட்டம்தான் கிடைச்சுதாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தானே அக்கா வீட்டுக்குப் போனாய். கடைக்காரர்கூட, "பல்வலிக்கு வைக்கிறதை இவ்வளவு வாங்குறீங்களே, செடிக்குப் பல்லு முளைச்சிருக்கா சார்?" என்றார். ஆனால் என் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்த்த தட்டில் ஒரு துளி விட்டபோது, அதைச் சுற்றிப் பூஞ்சை வளரவே இல்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்.

நேற்று தெளித்தேன். சோப்புக் கரைசலில் கலந்துதான் ஊற்றினேன். இருந்தாலும் தெளிப்பான் தொட்டியைக் குலுக்கிக்கொண்டே இருக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்துவிடும். என் தோள்வலி குலுக்க விடவில்லை. முதல் வரிசைகளுக்கு அடியில் நின்ற சோப்புத் தண்ணீர்தான் போயிருக்கிறது. மிதந்த எண்ணெய் முழுவதும் கடைசி வரிசையில் விழுந்து, காலையில் இலைகள் தீய்ந்து கிடந்தன.

மற்றச் செடிகள் இன்னும் பிழைக்கும். ஆனால் இந்த வாரம் சரியாகத் தெளிக்காவிட்டால் உன் தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஒருவர் குலுக்க, ஒருவர் தெளிக்க வேண்டும். எந்த மருந்தானாலும் இதுவரை குலுக்கியவள் நீ. நான் அதை என் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

ரசாயன மருந்துதான் வேண்டுமென்றால் அதையே தெளிப்போம். நான் வாய் திறக்க மாட்டேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. வாம்மா.

அப்பா